முதுமையைப் பாடமாகப் படிப்பது

திருப்பதி மாவட்டத்து நாராயணவனத்தில் வாழும் ஒருவர் எந்த வயதில் முதியவர் ஆகிறார் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அவர் கைத்தறி நெசவாளராக இருந்தால் ஆந்திரப் பிரதேச அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் 50 வயதிலேயே சேரத் தகுதி பெறுகிறார். பக்கத்து வயலில் கூலி வேலை செய்பவராக இருந்தால் முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வயது நிறையும்வரை காத்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால், 2022-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட விதிப்படி, 62 வயதில்தான் பணி ஓய்வு பெறுவார். திருமலையில் மூத்த குடிமக்களுக்கென உள்ள தரிசன வரிசையில் நிற்க அவருக்கு 65 வயது ஆகியிருக்க வேண்டும். வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ள, 2024 அக்டோபரில் தொடங்கிய விரிவாக்கத்தின்படி, 70 வயது தேவை. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசு செலுத்தும் பங்கு 200 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்வதற்கோ 80 வயதை எட்ட வேண்டும்.

இந்த எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றினாலும் அவை அலட்சியத்தால் விளைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் முதுமை என்னும் நிகழ்வின் வெவ்வேறு முகத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. தறிக்குழிக்குள் காலை இறக்கி, நூலிழையின் மேல் கண்ணை வைத்து, முப்பது ஆண்டுகள் மிதித்தும் நாடா எறிந்தும் உழைத்த ஒருவரின் முழங்காலும் முதுகும் பார்வையும் பிறந்த தேதி சொல்வதைவிட முன்னதாகவே தேய்ந்துவிடுகின்றன என்பதை 50 என்ற எண் ஒப்புக்கொள்கிறது. அது தொழிலால் வரும் முதுமை. 60 என்பது சட்டம் வகுத்த முதுமை. 62 என்பது அரசின் நிதிநிலையையும் ஊழியரின் அனுபவத்தையும் சேர்த்து எடைபோட்டு வரையப்பட்ட கோடு. 65 என்பது நெரிசலில் நெடுநேரம் நிற்கும் ஆற்றலைப் பற்றியது. 70 மருத்துவச் செலவைப் பற்றியது. 80 பிறரைச் சார்ந்து வாழவேண்டிய நிலையைப் பற்றியது. உடலியல், பொருளியல், சட்டம், நிர்வாகம், மருத்துவம் ஆகிய இத்தனை துறைகளும் ஒரே மனிதரின் வாழ்நாளில் வந்து கூடுவதால், அவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் கற்ற ஒருவரால் முதுமையை முழுமையாகப் புரிந்துகொள்ள முடிவதில்லை. முதுமையைப் பல துறைகள் சேர்ந்த ஒரு கல்லூரிப் பாடமாக வைப்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

இந்தப் படிப்புக்கு முதுமையியல் என்று பெயர். பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய உயிரியலாளர் எலி மெச்னிக்கோவ் 1903-ஆம் ஆண்டில் இத்துறைக்கு ஒரு பெயரைச் சூட்டி, அது தனி அறிவியலாக வளர வேண்டும் என்று கருதினார். ஆறு ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் மருத்துவம் பார்த்துவந்த இக்னாட்ஸ் நாஷர், குழந்தைகளுக்குத் தனி மருத்துவம் இருப்பதுபோல முதியோருக்கும் தனி மருத்துவம் வேண்டும் என்று வாதிட்டு, முதியோர் மருத்துவம் என்ற பிரிவுக்கு அடித்தளம் இட்டார். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பொதுவாக நேரும் குழப்பம். முதியோர் மருத்துவம் என்பது மருத்துவர்கள் மேற்படிப்பாகக் கற்கும் சிகிச்சைத் துறை. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் வ.செ. நடராஜன் 1978-இல் முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கியதும், 1996-இல் அதே கல்லூரியில் இந்தியாவிலேயே முதன்முறையாக அத்துறையில் முதுநிலை மருத்துவப் பட்டப்படிப்பு வந்ததும் அந்த வரலாற்றைச் சேர்ந்தவை. முதுமையியலோ நோயை மட்டும் பார்ப்பதில்லை. மூத்து வருதல் என்னும் நிகழ்வை உடல், மனம், குடும்பம், சமூகம், அரசு ஆகிய எல்லா நிலைகளிலும் ஆராயும் துறை அது. வணிகவியல் படிப்பவரும் இலக்கியம் படிப்பவரும் கணினி படிப்பவரும் நுழையத்தக்க வாசல் அதற்கு உண்டு.

அந்த வாசல் இப்போது நடைமுறையில் திறந்திருக்கிறது என்பதே இங்கு வலியுறுத்த வேண்டிய செய்தி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகம், மாணவர் ஒருவர் ஒரு முதன்மைப் பாடத்தோடு வேறொரு துறையில் துணைப் பாடம் ஒன்றையும் எடுத்துப் படிக்க வழி செய்கிறது. முதன்மைப் பாடம் மேஜர் என்றும் துணைப் பாடம் மைனர் என்றும் கல்லூரிகளில் வழங்குகின்றன. ஆந்திரப் பிரதேசத்தின் பட்டக் கல்லூரிகளில் 2023-24 கல்வியாண்டு முதல் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு வாசகர்கள் தங்கள் கல்லூரிகளில் நெடுங்காலமாக உள்ள அலைடு பாடத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆனால் அலைடு பாடம் பெரும்பாலும் முதன்மைப் பாடத்துக்குக் கைகொடுக்கும் உறவுப் பாடமாகவே இருக்க, மைனர் என்பது அதற்கு முற்றிலும் வெளியே உள்ளதாகவும் இருக்கலாம். மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டில் 24 கிரெடிட் துணைப் பாடத்துக்கு ஒதுக்கப்படுகிறது. ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பைக் குறிப்பதால், மூன்று ஆண்டுகளில் 360 மணி நேரம் அந்த ஒரு பொருளுக்குக் கிடைக்கிறது. முதுமையைப் பற்றி 360 மணி நேரம் ஒழுங்காகச் சிந்தித்த ஒரு பட்டதாரி, வங்கியில் அமர்ந்தாலும் வருவாய்த் துறையில் அமர்ந்தாலும், தன் முன்னால் வந்து நிற்கும் முதியவரை வேறு கண்ணோடு பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

திருப்பதிக்கு இத்துறை புதிது அன்று. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை, இந்தியாவில் முதுமை பற்றிய உளவியல் ஆய்வு அரும்பிய இடங்களுள் முதன்மையானது. அங்கு உருவான முதுமை ஆய்வு மையமும், அதை வழிநடத்திய பேராசிரியர் பி.வி. ராமமூர்த்தி, பேராசிரியர் டி. ஜமுனா ஆகியோரின் பணியும் நாடறிந்தவை. இருவரும் சேர்ந்து பதிப்பித்த இந்திய முதுமையியல் கையேடு 2004-இல் வெளிவந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னரே, பல நாடுகளின் முதுமை ஆய்வுகளைத் தொகுத்த ஒரு சர்வதேச நூலில் இந்தியா பற்றிய பகுதியை எழுதியவர்களும் இவர்களே. வீட்டில் முதியவரைப் பராமரிப்பவர் யார், அவருக்கும் பராமரிக்கப்படுபவருக்கும் இடையே உள்ள உறவு எப்படிப்பட்டது, அந்த உறவின் தரம் பராமரிப்பின் தரத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பவை இந்த மையத்தின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகள். மேலை நாடுகளில் பராமரிப்பு ஆய்வு மனைவியையும் மகளையும் மையமாக வைத்து வளர்ந்திருக்க, தென்னிந்தியக் குடும்பத்தில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் மருமகளின் தோளில் விழுகிறது. இரத்த உறவு இல்லாத, பல ஆண்டு மனத்தாங்கல்கள் இருக்கக்கூடிய ஓர் உறவுக்குள் நடக்கும் பராமரிப்பை வெளிநாட்டுக் கோட்பாட்டைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஆய்வு என்ற வகையில் இதற்கு நிலையான மதிப்பு உண்டு. எனினும் இத்தகைய அறிவு முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் கருத்தரங்குக் கட்டுரைகளிலும் தங்கிவிடும்போது, புத்தூரிலும் நகரியிலும் பி.காம். படிக்கும் மாணவருக்கு அது எட்டுவதில்லை.

இத்துறையில் புதிதாக நுழையும் மாணவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், வயதின் விளைவையும் காலத்தின் விளைவையும் பிரித்தறிவது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி என்ற உளவியலாளர் 1956-இல் தொடங்கி, அதே மனிதர்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்துப் பல பத்தாண்டுகள் நீட்டித்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அதற்கு முன் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே நாளில் 25 வயதினரையும் 70 வயதினரையும் ஒப்பிட்டு, முதியோரின் அறிவுத்திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டின. இதற்குக் குறுக்குவெட்டு ஆய்வு என்று பெயர். ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் நெடுங்கால ஆய்வில் அந்த வீழ்ச்சியின் பெரும்பகுதி காணப்படவில்லை. பல திறன்கள் அறுபது வயதுவரை நிலைத்து நின்றன. முன்னர் வீழ்ச்சி என்று கருதப்பட்டது, உண்மையில் இரண்டு தலைமுறைகளுக்குக் கிடைத்த பள்ளிப்படிப்பிலும் ஊட்டத்திலும் இருந்த வேறுபாடே என்பது புலனாயிற்று.

நாராயணவனத்துக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். மொழிவழி மாநில எல்லை திருத்தப்பட்டு 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றபோது, நாராயணவனமும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. அந்த நாளில் சிறுவராக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். வீட்டில் ஒரு மொழியும், பள்ளியிலும் அலுவலகத்திலும் மற்றொரு மொழியுமாக வாழ்ந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம். பள்ளி வாசலையே மிதிக்காத பெண்களும் அந்தத் தலைமுறையில் மிகுதி. இவர்களையும் பட்டம் பெற்ற இவர்களின் பேத்திகளையும் ஒரே வினாத்தாளால் அளந்துவிட்டு, வேறுபாட்டுக்கு முதுமையே காரணம் என்று எழுதினால் அது அறிவியல் ஆகாது. ஒரே காலத்தில் பிறந்து ஒரே வகை வரலாற்றுச் சூழலைக் கடந்துவந்தோரை முதுமையியலார் ஒரு வயதுத் தொகுதி என்று கொள்கிறார்கள். அத்தொகுதியின் வரலாறு தெரியாமல் அதன் முதுமை விளங்காது. ஆகவே உளவியல் மாணவர் எல்லைத் திருத்தத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது. வரலாற்று மாணவரோ நினைவாற்றல் சோதனை எப்படி நடத்தப்படுகிறது என்று அறிய வேண்டியிருக்கிறது.

நினைவாற்றல் சோதனை என்பதே தனித்துப் பேசத்தக்கது. மறதி நோய் என்று பொதுவாக அழைக்கப்படும் டிமென்ஷியாவைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் சிறு சோதனை ஒன்று 1975-இல் அமெரிக்காவில் உருவானது. இன்று என்ன தேதி என்று சொல்வது, ஒரு வாக்கியத்தை எழுதுவது, ஒரு வரைபடத்தைப் பார்த்து வரைவது போன்றவை அதில் இடம்பெறும். எழுத்தறியாத, ஆங்கிலத் தேதியை ஒருநாளும் பயன்படுத்தாத ஒரு மூதாட்டி இதில் தோற்றுப்போவதற்கு மூளைத் தேய்வு காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் மேரி கங்குலியும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியோருக்கு ஏற்ப இச்சோதனையை மாற்றி அமைத்தார்கள்; கடிகார நேரத்தைக் கேட்பதற்குப் பதிலாக இது காலையா, நண்பகலா, மாலையா என்று கேட்பது போன்ற மாற்றங்கள் அதில் செய்யப்பட்டன. சிறிய மாற்றம்தான், ஆயினும் நோயில்லாதவரை நோயாளி என்று முத்திரை குத்துவதிலிருந்து அது காப்பாற்றுகிறது. மருத்துவ அறிவு மட்டும் இருந்திருந்தால் இந்த மாற்றம் தோன்றியிருக்காது. கிராமத்தில் நேரம் எப்படி உணரப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் அந்தக் குழுவில் இருந்ததால்தான் அது கைகூடியது.

இரண்டு மொழிகளில் வாழ்பவர்களைப் பற்றிய இன்னொரு ஆய்வு இவ்வட்டாரத்தின் வாசலருகே வந்து நிற்கிறது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்வாளர்களும் டிமென்ஷியா நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே மொழி பேசுவோரைவிட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது என்று கண்டார்கள். பள்ளிப்படிப்பே இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது என்பதே அதன் சிறப்பு. ஏனெனில் படித்தவர்களே பல மொழி பேசுகிறார்கள், ஆகவே இது படிப்பின் பயன் என்ற மறுப்பை அது பெருமளவு தளர்த்தியது. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும், ஆகவே விவாதம் இன்னும் முடியவில்லை என்பதையும் மாணவருக்குச் சேர்த்தே கற்பிக்க வேண்டும். காய்கறிக் கடையில் தெலுங்கிலும் கோவில் வாசலில் தமிழிலும் ஒரே மூச்சில் பேசும் நாராயணவனத்து முதியவர்கள், மூளையியலும் மொழியியலும் சந்திக்கும் இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமான சான்றாளர்கள். அவர்களிடம் முறையாகக் கேட்கத் தெரிந்த மாணவர்கள் அருகிலேயே உருவாக வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு நாராயணவனத்தைவிட அதன் அண்டை ஊரான புத்தூரின் பெயர் இன்னும் நெருக்கமானது. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்று சொன்னால் சென்னையிலும் வேலூரிலும் அறியாதவர் இல்லை. முதியோர் தவறி விழுவதும் எலும்பு முறிவதும் முதுமையியலின் மையப் பொருள்களில் ஒன்றாக இருப்பதால், இப்பாடத்துக்கு இதைவிடச் சிறந்த களம் வேறு தேட வேண்டியதில்லை. ஒரு மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றால், அந்த ஒரு நிகழ்வுக்குப் பின்னால் எத்தனையோ காரணங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தி குறைவது உடலியல். பெண்கள் கடைசியில் உண்பதும் குறைவாக உண்பதும் ஊட்டச்சத்தைப் பற்றியது மட்டுமல்லாமல் குடும்ப அதிகாரத்தைப் பற்றியதும் ஆகும். வழவழப்பான தரை ஓடும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத சுவரும் கட்டடக் கலையின் பிழைகள். கண்புரையை அறுவை செய்யாமல் தள்ளிப்போட்டது வருமானத்தோடு தொடர்புடையது. இரவில் துணைக்கு ஆள் இல்லாதது மகன் வேலைக்காகச் சென்னைக்கோ ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலைக்கோ போனதோடு தொடர்புடையது.

விழுந்தபின் எடுக்கப்படும் முடிவும் அவ்வளவே சிக்கலானது. மணிக்கட்டு முறிவுக்கும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவுக்கும் உள்ள வேறுபாடு குடும்பத்தாருக்குத் தெரிவதில்லை. இடுப்பு மூட்டையொட்டிய முறிவு முதியோருக்கு ஏற்பட்டால், வெளியிலிருந்து கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்கவைப்பது படுக்கைப்புண், நிமோனியா, காலில் இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கு வழிவிடும். விரைவில் அறுவை செய்து, எழுந்து நடக்க வைப்பதே இன்றைய மருத்துவத்தின் பொது நெறி. ஆயினும் மக்கள் கட்டுப் போடுபவரை நாடுவதை அறியாமை என்று ஒதுக்குவது எளிய தீர்ப்பு, ஆகவே பிழையான தீர்ப்பும் ஆகும். குறைந்த செலவு, ஒரே நாளில் வீடு திரும்ப முடிவது, கத்தி வைப்பதைப் பற்றிய அச்சம், தலைமுறைகளாக வந்த நம்பிக்கை, மருத்துவமனையில் உடன் தங்க ஆளில்லாத நிலை என அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. அந்தத் தர்க்கத்தை மதித்துப் புரிந்துகொண்டு, எந்த முறிவுக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் குடும்பத்தாரின் மொழியிலேயே எடுத்துச் சொல்லக்கூடியவரை உருவாக்குவது ஒரு துணைப் பாடத்தின் தகுந்த இலக்கு.

உழைப்பைப் பற்றிய கோட்பாடுகளும் இங்கே வந்து உரசிப் பார்க்கப்பட வேண்டியவை. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் நடந்த ஆய்வின் அடிப்படையில் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி இருவரும் 1961-இல் விலகல் கோட்பாட்டை முன்வைத்தார்கள். மூப்படையும் மனிதரும் சமூகமும் ஒருவரிலிருந்து ஒருவர் மெல்ல விலகிக்கொள்வது இயல்பானது, இருவருக்கும் நன்மையானது என்பது அதன் சாரம். அதை எதிர்த்தவர்கள் செயலோடு இருப்பதே நல்ல முதுமை என்றார்கள். இரண்டு தரப்பும் ஓய்வூதியம் பெற்று வேலையிலிருந்து விடுபட்ட மனிதரைக் கண்முன் வைத்தே வாதிட்டன. நெசவுத் தெருவில் அப்படிப்பட்டவர் அரியவர். தறியில் அமர முடியாமல் போனவர் தார் சுற்றுகிறார். பாவு ஓட்டும்போது ஒரு முனையைப் பிடிக்கிறார். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு மருமகளைத் தறிக்கு விடுவிக்கிறார். சென்னையின் எளிய குடியிருப்புகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த பென்னி வேரா-சான்சோ, ஏழைக் குடும்பங்களில் முதியோர் பிறரைச் சார்ந்திருப்பவர்கள் என்ற பொதுக் கருத்தை மறுத்து, அவர்களுடைய கூலி வேலையும் கூலியில்லா வீட்டு வேலையும் இளையவர்களின் வருமானத்தைத் தாங்கி நிற்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். கணக்கில் நெசவாளர் என்று ஆணின் பெயர் இருக்க, வாழ்நாள் முழுதும் தார் சுற்றிய பெண்ணின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போவது, முதுமையில் அவள் எந்தத் தகுதியில் ஓய்வூதியம் கேட்கலாம் என்பதையும் தொட்டுவிடுகிறது. பெண்கள் ஆண்களைவிட அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள், ஆனால் கைம்மையிலும் சொத்தின்மையிலும் வாழ்கிறார்கள் என்ற பொது உண்மையின் வேர் இளமையிலேயே ஊன்றப்பட்டது என்பதை மாணவர் இங்கே நேரில் காணலாம்.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை ஆந்திரம் இன்று தனித்து நிற்கிறது. 2024 ஜூலை முதல் முதியோருக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மாதத்தின் முதல் நாளிலேயே அது வீட்டுக்குக் கொண்டுவந்து தரப்படுகிறது. தமிழ்நாட்டில் அது 1,200 ரூபாய். கையில் மாதாமாதம் வந்து சேரும் பணம் வீட்டுக்குள் முதியவரின் குரலுக்கு எவ்வளவு எடை சேர்க்கிறது, அந்தப் பணம் உண்மையில் யாருக்குச் செலவாகிறது என்பவை பொருளியல் மாணவர் ஓராண்டு முழுதும் ஆராயத்தக்க கேள்விகள். சட்டத்தின் பக்கம் வந்தால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பிள்ளைகள் பராமரிக்காவிட்டால் வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், திரும்பப் பெறவும் வழி உண்டு. ஆனால் பெற்ற மகன்மேல் மனுக் கொடுக்க மனம் வராத தாய்க்கு இந்தச் சட்டம் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைச் சட்டப் புத்தகம் மட்டும் சொல்லாது. அதற்குக் குடும்பத்தின் மனவியலும் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் இப்போதே கற்க வேண்டியதன் அவசரத்தை மக்கள்தொகைக் கணக்கு உணர்த்துகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயது கடந்தோர் சுமார் 10 கோடியே 40 லட்சம், அதாவது நூற்றுக்கு 8.6 பேர். 2021-க்கான அரசின் மதிப்பீட்டில் அது இந்திய அளவில் 10.1 விழுக்காடாகவும், ஆந்திரத்தில் 12.4 ஆகவும், தமிழ்நாட்டில் 13.6 ஆகவும், கேரளத்தில் 16.5 ஆகவும் இருந்தது. பிரான்சில் 65 வயது கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர ஏறத்தாழ 115 ஆண்டுகள் ஆயின; இந்தியா அந்தத் தொலைவை முப்பது ஆண்டுகளுக்குள் கடக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. செல்வம் சேர்த்தபின் மூப்படைந்த நாடுகளுக்கு மருத்துவமனை, ஓய்வூதியம், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவற்றை ஏற்படுத்த ஒரு நூற்றாண்டு அவகாசம் இருந்தது. ஆந்திரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1.7 மட்டுமே. உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற பழைய விதியை மாநில அரசு 2024-இல் கைவிட்டதற்கு இந்தக் கவலையே காரணம். குழந்தை பெறுவதைப் பற்றி அரசியல் மேடைகளில் பேசப்படும் அளவுக்கு, ஏற்கெனவே மூத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பற்றிப் பேசப்படவில்லை.

இத்தகைய துணைப் பாடத்தைத் தொடங்குவதில் சில ஆபத்துகளும் உண்டு. பெரியோரை மதிக்க வேண்டும் என்ற அறிவுரையாக அது சுருங்கிவிடலாம். முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் சென்று பழமும் போர்வையும் கொடுத்துப் படம் எடுத்துத் திரும்புவதைக் களப்பணி என்று கணக்கு வைத்துவிடலாம். அங்கே முதியவர் பெறுபவராக மட்டும் காட்சி தருகிறார். மாணவர் அவரைப் பற்றி எதையும் கற்காமலே திரும்புகிறார். முதுமையை நோயோடும் சுமையோடும் மட்டும் சேர்த்துப் பார்க்கும் மனப்பான்மையை அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இலேயே இனப் பாகுபாட்டுக்கு இணையான ஒரு பாகுபாடாக அடையாளம் காட்டினார். இரக்கத்தின் வடிவில் வரும்போது அதைக் கண்டுகொள்வது இன்னும் கடினம். ஆகவே களப்பணி என்பது ஒரே முதியவரை இரண்டு பருவங்களேனும் தொடர்ந்து சந்திப்பதாகவும், அவருடைய தொழில், உணவு, மருந்து, வருமானம், நடமாட்டம், நட்பு ஆகியவற்றை ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்வதாகவும், அந்தப் பதிவை வெவ்வேறு துறை ஆசிரியர்கள் முன் வைத்து விளக்குவதாகவும் அமைய வேண்டும்.

அதற்குரிய ஆசிரியர்களைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பல்கலைக்கழக உளவியல் துறையோடு, எஸ்.வி. மருத்துவக் கல்லூரி, பெண்களுக்கென 1983-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கென திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை, 2015-இல் வந்த ஐ.ஐ.டி. எனத் திருப்பதி வட்டாரத்தில் இத்தனை நிறுவனங்கள் கூடியிருப்பது இந்தியாவில் பல ஊர்களுக்கு வாய்க்காத பேறு. கைப்பிடிக் கம்பியின் உயரத்தைப் பொறியியல் மாணவர் அளக்கலாம். அதைப் பிடிக்கப்போகும் கையின் வலிமையை உடலியல் மாணவர் சொல்லலாம். அதைப் பொருத்த வீட்டுக்காரர் ஏன் தயங்குகிறார் என்பதைச் சமூகவியல் மாணவர் கேட்டறியலாம்.

வேலைவாய்ப்பைப் பற்றிய கேள்வி பெற்றோரிடமிருந்து கட்டாயம் வரும்; அது நியாயமான கேள்வி. வீட்டு வழிப் பராமரிப்பு நிறுவனங்கள், மருத்துவக் காப்பீடு, முதியோருக்கான குடியிருப்புத் திட்டங்கள், வங்கிச் சேவை, உதவிக் கருவிகள் ஆகிய துறைகள் தென்னிந்திய நகரங்களில் வளர்ந்து வருகின்றன. சென்னை கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையத்தைப் போன்ற நிறுவனங்களுக்கு மருத்துவரும் செவிலியரும் மட்டும் போதுமானவர்கள் அல்லர். மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் மேலும் கற்க விரும்புவோருக்கு, மத்திய அரசின் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. 45 வயது கடந்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையுமாக 72,000-க்கும் மேற்பட்டோரைச் சந்தித்து, 2017-18-இல் முதல் சுற்றை முடித்த இந்திய நெடுங்கால முதுமை ஆய்வின் தரவுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பதால், புள்ளியியலும் கணினியும் கற்ற மாணவருக்கு அங்கேயும் வேலை காத்திருக்கிறது.

எனவே திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் பட்டக் கல்லூரிகள் அடுத்து வரும் கல்வியாண்டிலேனும் முதுமையியலைத் துணைப் பாடமாக அறிவிக்க வேண்டும்; ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தன்னிடம் சேர்ந்திருக்கும் ஆய்வுச் செல்வத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் இளநிலை மாணவருக்கான பாடநூலாக்கித் தர வேண்டும். துணைப் பாடப் பட்டியல் கைக்கு வரும்போது, கணினியும் வணிகமும் மட்டுமே எதிர்காலம் என்று எண்ணாமல், இந்தப் பாடம் ஏன் பட்டியலில் இல்லை என்று மாணவர்களும் பெற்றோரும் கல்லூரி முதல்வரிடம் கேட்க வேண்டும்.